மதுரை மாநகராட்சிக்குச் சொந்தமாக ஒரு டிவி சேனல் வருமா?

அமெரிக்காவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ஊர் நகராட்சியே நடத்தும் டிவி சேனலைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். மன்றக் கூட்டத்தை வெட்டாமல் முழுக்கப் போட்டார்கள், அப்புறம் ஊர்க்காரர்களே எடுத்த நிகழ்ச்சிகள் வந்தன என்கிறீர்கள். மதுரை மாநகராட்சி இப்படி ஒன்று தொடங்க முடியுமா, தொடங்கினாலும் யார் பார்ப்பார்கள் என்பது உங்கள் கேள்வி.

இன்றைய நிலையில் மாநகராட்சி தன் பெயரில் சேனல் தொடங்க வழியில்லை. ஆனால் அந்தச் சேனல் செய்கிற வேலையில் பெரும்பகுதியைச் சேனல் இல்லாமலேயே மதுரையில் செய்துவிடலாம். யார் பார்ப்பார்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. மதுரை லோக்கல் சேனல்களில் கேமரா தூக்கியும் எடிட்டிங்கில் உட்கார்ந்தும் பல வருஷம் ஓட்டியவன் நான். இந்த ஊர் எதை உட்கார்ந்து பார்க்கும் என்பது அந்த வேலையில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் அக்கா ஊர்ச் சேனல் எப்படி வந்தது என்று பார்ப்போம். அடிப்படையில் அது தெருவுக்கு வாங்கிய வாடகை. கேபிள் கம்பெனி ஊருக்குள் வர வேண்டுமென்றால் தெருவைத் தோண்ட வேண்டும், கம்பத்துக்குக் கம்பம் வயர் கட்ட வேண்டும். தெரு ஊருக்குச் சொந்தம். என் தெருவில் தொழில் செய்கிறாய், ஊருக்கு என்ன தருவாய் என்று அங்கே நகராட்சிகள் கேட்டன. பணமும் தா, உன் வயரில் சேனலும் தா என்று ஒப்பந்தம் போட்டன. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1971-லேயே பொதுமக்களுக்கான சேனல்கள் ஓடத் தொடங்கிவிட்டன. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் பெரிய நகரங்களில் இதைக் கட்டாயமாக்கியது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1979-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைசியில் 1984-ல் அந்த நாட்டு நாடாளுமன்றமே ஒரு கேபிள் சட்டம் கொண்டுவந்தது. கேபிள் வருமானத்தில் அதிகபட்சம் 5 சதவீதம் வரை நகராட்சி கட்டணமாக வாங்கலாம், பொதுமக்கள், கல்வி, அரசு என்று மூன்று வகைக்குச் சேனல் ஒதுக்கச் சொல்லலாம் என்று அதில் எழுதினார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதில் இருக்கும் இன்னொரு விதி. ஆபாசம் போன்ற சிலவற்றைத் தவிர, அந்தச் சேனல்களில் என்ன ஓடுகிறது என்பதில் கேபிள் கம்பெனி கை வைக்கக் கூடாது.

பொதுமக்கள் சேனலின் நடைமுறை ரொம்ப எளிது. ஊரில் குடியிருக்கும் யாரும் ஒரு சின்னப் பயிற்சிக்குப் போகலாம். பயிற்சி முடித்தவருக்குக் கேமரா இரவல் கிடைக்கும், எடிட்டிங் அறை கிடைக்கும். நிகழ்ச்சியை முடித்துக் கொண்டுவந்தால் முதலில் வந்தவருக்கு முதல் நேரம். பார்க்கச் சகிக்காத நிகழ்ச்சிகளும் நிறைய வந்தன, வம்பு வழக்குகளும் நடந்தன. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் நடத்தினார்கள். நல்லது கெட்டது பார்த்துப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தால், பொறுக்குகிறவர் கைக்குச் சேனல் போய்விடும் என்பது நடத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அரசுச் சேனல் வேறு ரகம். மன்றக் கூட்டம், பட்ஜெட் விவாதம், குழுக் கூட்டம் எல்லாம் முதலிலிருந்து கடைசி வரை அப்படியே வரும். சியாட்டில் நகரத்தின் சேனலை இணையத்தில் தேடிப் பாருங்கள். பழைய கூட்டங்களும் அதில் கிடைக்கும்.

இப்போது அங்கேயும் இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டிருக்கிறது. மக்கள் கேபிளை விட்டுவிட்டு இணையத்தில் படம் பார்க்கப் போய்விட்டார்கள். கேபிள் வருமானம் குறைந்தால் 5 சதவீதமும் குறையும். கம்பெனிகள் பணமாக இல்லாமல் வசதியாகக் கொடுப்பதில் சிலவற்றையும் அந்த 5 சதவீதத்துக்குள்ளேயே கணக்கில் வைக்கலாம் என்று 2019-ல் ஆணையம் சொன்னது இன்னொரு அடி. ஆக, அப்படியே காப்பி அடிக்க நமக்கு அங்கே முழுசாக ஒரு மாதிரியும் இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் நியாயத்தை மட்டும்தான்.

சரி, நம் ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். ஒளிபரப்பு என்பது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில், வானலை பொதுச் சொத்து, அது அரசின் ஏகபோகமாகவும் இருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் வழியில் தனியார் சேனல்கள் செழித்தன. உள்ளாட்சிகளுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. மாநில அரசுகளும் உள்ளாட்சி அமைப்புகளும் ஒளிபரப்புத் தொழிலுக்குள் வரக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2008-லும் 2012-லும் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் மத்தியத் தகவல் ஒளிபரப்பு அமைச்சகம் இதையே அறிவுறுத்தலாக அனுப்பியது. மத்திய, மாநில அரசுகளும் அவற்றைச் சேர்ந்த அமைப்புகளும் ஒளிபரப்பிலோ கேபிள் வினியோகத்திலோ இறங்கக் கூடாது, ஏற்கெனவே இருப்பவர்கள் 2023 டிசம்பர் 31-க்குள் விலக வேண்டும், கல்வி நிகழ்ச்சிகளை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு ஒப்பந்தம் போட்டு அதன் வழியாகப் போடலாம் என்றது. தமிழக அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று மறுபடி ஓட ஆரம்பித்த அரசு கேபிள் இரண்டும் அப்போது இந்தப் பேச்சுக்குள் வந்தன.

அரசாங்கம் சேனல் நடத்தினால் அது ஆளுங்கட்சியின் ஊதுகுழல் ஆகிவிடும் என்ற பயம்தான் இந்தத் தடைக்குப் பின்னால் இருக்கிறது. நியாயமான பயம், நானும் அதைத்தான் நினைக்கிறேன். ஆனால் அரசு சேனல் நடத்துவதும், ஊரார் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஊரில் ஒரு சேனல் இருப்பதும் வேறு வேறு. இந்தியச் சட்டத்தில் இரண்டாவதற்கு இடமே வைக்கவில்லை. வானொலியில் வைத்தார்கள். 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் தொடங்கியது, 2006-லிருந்து தொண்டு அமைப்புகளும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று ஆனது. டிவிக்கு அப்படி ஒரு கொள்கை இன்றுவரை கிடையாது.

இது நம் நாட்டுக்குப் புதுசும் இல்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பிஜ் என்ற கிராமத்தில் 1975-ல் ஒரு சின்ன ஒளிபரப்பு நிலையம் வைத்து, சுற்றுவட்டாரக் கிராமத்து மக்களைப் பேச வைத்து, நடிக்க வைத்து, அவர்கள் பேச்சு வழக்கிலேயே நிகழ்ச்சி எடுத்தார்கள். கூலி, தீண்டாமை, குடிநீர் என்று ஊர்ப் பிரச்சினைகள்தான் கதை. 1984-ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது, 1985-ல் நிலையத்தை மூடிவிட்டார்கள். அதே 1984-ல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவின் பெண்கள் வீடியோ எடுக்கப் பழகினார்கள். அவர்களில் காய்கறி விற்கிறவர்கள் இருந்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தார்கள். கேமராவைப் பிடிக்க எழுத்து தேவைப்படவில்லை. மார்க்கெட்டில் தங்களுக்கு நடப்பதைத் தாங்களே எடுத்து அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

மதுரையில் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் கேபிள் வந்தபோது ஒவ்வொரு ஏரியா ஆபரேட்டரிடமும் ஒரு கன்ட்ரோல் ரூம் இருக்கும், அதில் வீடியோ கேசட் ஓட்டும் ஒரு டெக் இருக்கும். ராத்திரி படம் போடுவதற்காக வைத்த அந்த டெக்கில்தான் லோக்கல் சேனல் பிறந்தது. கீழே ஓடும் எழுத்தில் காதணி விழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, துணிக்கடை ஆடித் தள்ளுபடி எல்லாம் ஓடும். அப்புறம் கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு என்று விரிந்தது. செல்லூர்க்காரருக்குச் செல்லூர் தெரிந்தது, ஜெய்ஹிந்துபுரத்துக்காரருக்கு ஜெய்ஹிந்துபுரம் தெரிந்தது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகிற ராத்திரிதான் எங்களுக்குப் பரீட்சை. அழகர்கோயிலிலிருந்து கிளம்பினால் மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று வழி நெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் நின்றுதான் வருவார், எங்கே எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆரம்பத்தில் எடுத்த டேப்பைக் கையோடு டிவிஎஸ் 50-ல் கன்ட்ரோல் ரூமுக்குக் கொண்டு ஓடுவோம். பிறகு தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் கேமராவை வைத்து, பக்கத்து ஆம்ப்ளிஃபயர் வரை வயர் இழுத்து நேரலை கொடுத்தோம். படம் சுமாராகத்தான் இருக்கும், தீவட்டி வெளிச்சத்தில் பாதி புகையாகத் தெரியும். அதைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. விடிய விடிய வந்த போன் எல்லாம் ஒரே கேள்விதான்: "அழகர் இப்ப எங்க வந்துட்டாருப்பா?" பிள்ளைகளை எப்போது எழுப்புவது, ஆற்றுக்கு எப்போது கிளம்புவது, முடியாத மாமியாரை வாசலுக்கு எப்போது கூட்டிவந்து உட்கார வைப்பது என்று அவர்களுக்குக் கணக்கு இருந்தது. "அழகர் இப்போது புதூரில்" என்று கீழே ஓடவிட்ட அந்த ஒரு வரிக்கு இருந்த மதிப்பு, நாங்கள் மெனக்கெட்டு எடுத்த எந்த நிகழ்ச்சிக்கும் இருந்ததில்லை. பெரிய சேனல்கள் அழகர் ஆற்றில் இறங்குவதை எங்களைவிட ஆயிரம் மடங்கு அழகாகக் காட்டும். ஆனால் புதூரில் இருக்கிறாரா தல்லாகுளம் வந்துவிட்டாரா என்று மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. உள்ளூர் நிகழ்ச்சி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

செட்டாப் பாக்ஸ் வந்ததும் இந்த உலகம் சுருங்கிவிட்டது. அனலாக் காலத்தில் ஏரியா ஆபரேட்டரே தன் கன்ட்ரோல் ரூமில், படத்தைச் சேனலாக்கி வயரில் ஏற்றும் மாடுலேட்டர் ஒன்றை வைத்தால் அவர் தெருக்களுக்கு ஒரு சேனல் கிடைத்துவிடும். டிஜிட்டலில் எல்லாச் சேனலும் பெரிய நிறுவனத்தின் ஹெட்எண்டிலேயே, அதாவது எல்லாச் சேனலையும் சேர்த்து அனுப்பும் மையத்திலேயே, கட்டி மூடி வருகிறது. ஏரியா ஆபரேட்டருக்கு இணைப்பைப் பார்த்துக்கொள்வதும் வசூலும்தான் வேலை. லோக்கல் சேனல் வேண்டுமென்றால் ஹெட்எண்டில் இடம் பிடித்து அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைத் தேட விளம்பரம் வேண்டும், விளம்பரத்துக்காகப் படமும் பாட்டும் போட வேண்டும். தெருச் செய்தி மெல்ல மெல்லக் காணாமல் போய்விட்டது.

இன்னொன்றும் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு சேனலில் சாக்கடை அடைப்பைப் பற்றி எடுத்த ஒரு பதிவு, ஒளிபரப்பாக வேண்டிய அன்று சாயங்காலம் நிறுத்தப்பட்டது. அந்தப் பகுதிக் கவுன்சிலரிடமிருந்து ஒரு போன் வந்ததாகச் சொன்னார்கள். அந்தத் தெருவில் ஒரு வீட்டு அம்மா, கேமரா வருகிறது என்பதற்காக அந்தக் கழிவுநீரில் இறங்கி நின்று எங்களுக்கு இடம் காட்டினார். அவருக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கேபிள் கம்பெனி கை வைக்கக் கூடாது என்ற அந்த அமெரிக்க விதியைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

ஆகவே, மாநகராட்சிக்குச் சேனல் வேண்டும் என்று கேட்பதைவிட இரண்டு விஷயத்தைக் கேட்பது நல்லது என்பது என் கட்சி. பொது இடத்தில் பேசியது பேசியபடி முழுசாகப் பதிவாகி எல்லாருக்கும் கிடைக்க வேண்டும், அது ஒன்று. ஊர்க்காரர்களுக்கு என்று கொஞ்சம் நேரமும் ஒரு கேமராவும் ஒதுக்கி, அதில் யாரும் தலையிடக் கூடாது என்று எழுதி வைக்க வேண்டும், அது இரண்டு. இது இருந்தால் சேனல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இது இல்லாமல் சேனல் மட்டும் வந்தால், அமைச்சர் அடிக்கல் நாட்டுவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மாமன்றத்திலிருந்து ஆரம்பிக்கலாம். தல்லாகுளம் அண்ணா மாளிகையில் மாதாந்திரக் கூட்டம் நடக்கிறது. 100 வார்டு உறுப்பினர்கள். மறுநாள் பேப்பரிலும் டிவியிலும் நமக்குக் கிடைப்பது வெளிநடப்பும் கூச்சலும்தான். அதைத்தான் ஒன்றரை நிமிஷத்தில் காட்ட முடியும், செய்தியாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் மற்ற நேரத்தில் நடப்பதுதான் நம் தெருவுக்கு வேண்டியது. எந்த வார்டில் பாதாளச் சாக்கடை வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது, முல்லைப் பெரியாறு தண்ணீர் எந்தத் தொட்டிக்கு வந்திருக்கிறது, ஒப்பந்தக்காரருக்கு பில் பாக்கி ஏன், குப்பை வண்டி ஏன் வரவில்லை, இதையெல்லாம் உறுப்பினர் கேட்கிறார், பொறியாளர் எழுந்து பதில் சொல்கிறார். சில நேரம் ஆணையரே பதில் சொல்கிறார். உங்கள் வார்டு கவுன்சிலர் அங்கே வாய் திறக்கிறாரா என்பதுகூட உங்களுக்குத் தெரிய வழியில்லை.

இதைப் பதிவு செய்ய ஒளிபரப்பு உரிமம் எதுவும் தேவையில்லை. மன்றத்துக்குள் நிலையாக மூன்று கேமரா, ஹால் மைக்கின் மிக்ஸரிலிருந்து நேராக ஒரு லைன், இணைய இணைப்பு, யூடியூப்பில் ஒரு பக்கம், போதும். இதில் ஒரு விஷயத்தைப் பட்டு அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படத்தைவிடச் சத்தத்துக்குச் செலவு செய்யுங்கள். கேமராவில் இருக்கும் மைக்கை நம்பினால் ஃபேன் சத்தமும் நாற்காலி இழுக்கும் சத்தமும்தான் கேட்கும். அப்புறம், நேரலை கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. நாலு மணி நேரக் கூட்டத்தை யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள். கூட்டம் முடிந்த மறுநாள் ஒருவர் உட்கார்ந்து எந்த நிமிஷத்தில் எந்த வார்டு, எந்தத் தீர்மானம் என்று குறித்துவைக்க வேண்டும். ஆனையூர்க்காரர் ஆனையூர் என்று தேடினால் அந்த மூன்று நிமிஷம் வர வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றமே 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. மாமன்றம் தயங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

மாமன்றத்தைவிட எனக்கு ஆசை ஏரியா சபை மேல்தான். வார்டு குழு, ஏரியா சபைக்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022-ல் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் முதன்முதலாகச் சபைகள் கூடின. ஒரு வார்டைப் பல ஏரியாவாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் அங்கேயே கூட்டம். சமுதாயக் கூடத்திலோ சாமியானா பந்தலிலோ பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடக்கும். நான் போன ஒன்றில் ஒரு பெண் எழுந்து, மேன்ஹோல் பொங்கி வாசல் வரை வருகிறது, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு செங்கல் மேல் கால் வைத்துப் போகிறது என்று சொன்னார். "அடுத்த வாரம் லாரி வரும்மா" என்று உதவிப் பொறியாளர் பதில் சொன்னார். நோட்டில் எழுதியது "பாதாளச் சாக்கடை தொடர்பாகக் கோரிக்கை". அந்த "அடுத்த வாரம்" நோட்டுக்குள் போகவே இல்லை. ஒரு போன் கேமரா அங்கே ஓடியிருந்தால் அந்த வார்த்தையும் தேதியும் சேர்ந்து நின்றிருக்கும். அடுத்த சபையில் முதல் வேலையாக அந்தத் துண்டைப் போட்டுக் காட்டிவிட்டுக் கூட்டத்தை ஆரம்பிக்கலாம். பொறியாளருக்கும் இது நல்லதுதான். லாரி வந்ததென்றால் அதுவும் பதிவாகும்.

இனி ஊர்க்காரர்களின் நிகழ்ச்சிக்கு வருவோம். மதுரையில் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. நாயக்கர் காலத்திலிருந்து இங்கே வாழும் சௌராஷ்டிர மக்கள் வீட்டில் பேசும் மொழிக்கு டிவியில் எங்கே இடம் இருக்கிறது? வாரம் ஒரு அரை மணி கொடுத்தால் பாட்டிகளே வந்து நடத்திவிடுவார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியது இந்த ஊரில்தான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று அந்த மரபில் இன்றும் திருவிழா மேடை ஏறுகிற கலைஞர்கள் இருக்கிறார்கள். விடிய விடிய நடக்கும் நாடகத்தை எந்தச் சேட்டிலைட் சேனலும் முழுசாகப் போடாது, போடவும் முடியாது. உள்ளூர்ச் சேனலில் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்துக் காலை வரை ஓடவிடலாம். இடையில் விளம்பரம் வேண்டாம். ஹார்மோனியக்காரர் சுருதி சேர்ப்பதிலிருந்து எல்லாம் இருக்கட்டும்.

மாநகராட்சிப் பள்ளிகளைப் பாருங்கள். ஔவை, வெள்ளிவீதியார், காக்கைபாடினியார், பொன்முடியார் என்று சங்கப் புலவர் பெயர்களை வைத்திருக்கிறார்கள், எனக்கு இந்த ஊரில் ரொம்பப் பிடித்த விஷயங்களில் ஒன்று அது. அந்தப் பள்ளிப் பெண்கள் பலர் வீட்டில் படிப்பதற்கென்று ஒரு தனி மூலைகூட இருக்காது. அவர்கள் கையில் கேமராவைக் கொடுத்து, உங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, யார் பிடிக்கிறார்கள், எத்தனை குடம் என்று எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றால் எந்த நிருபரும் எடுக்க முடியாத ஒன்றை எடுத்து வருவார்கள். அகமதாபாத்தில் காய்கறி விற்ற பெண்கள் செய்ததுதானே இதுவும். ஒரு பள்ளியில் ஒரு அறை, இரண்டு கேமரா, ஒரு கம்ப்யூட்டர், சொல்லித்தர ஒரு ஆள். ஸ்டூடியோ என்றால் உடனே குளிரூட்டிய கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம்.

எடுத்ததை எங்கே போடுவது? இணையம் இருக்கிறது, ஆனால் வீட்டு டிவியிலும் வர வேண்டும். எங்கள் காலத்து நேயர்களில் பாதிப் பேர் வயதானவர்கள், அவர்களுக்கு ரிமோட்டில் ஒரு எண்ணை அழுத்தினால் வந்துவிட வேண்டும். இதற்குச் சட்டத்தில் ஒரு சந்து உண்டு. கேபிள் நிறுவனங்கள் தங்கள் இணைப்பில் மட்டும் ஓட்டும் சொந்தச் சேனல்களுக்கு 2022 நவம்பரில் மத்திய அரசு விதிமுறை வெளியிட்டது. மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம், ஒரு சேனலுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய்தான், உள்ளூர்ச் செய்தி போட வேண்டுமென்றால் கம்பெனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படி ஓடும் லோக்கல் சேனல்களில் தினம் ஒரு மணி நேரத்தை ஊருக்கு என்று வாங்கிவிடலாம். சேனல் கம்பெனியுடையது, அந்த ஒரு மணி நேரம் ஊருடையது, அதில் வெட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கேபிள் ஆபரேட்டர்கள் தூர்தர்ஷன் சேனல்களைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று 1995 கேபிள் சட்டமே சொல்கிறது. அதுபோல ஊர் நேரத்தையும் ஒருநாள் கட்டாயமாக்கலாம், ஆனால் அதற்கு டெல்லியில் சட்டம் திருத்த வேண்டும். அதுவரை ஒப்பந்தம்தான் வழி.

பணத்துக்கு அமெரிக்கா மாதிரி தெரு வாடகையை நம்ப முடியாது. கேபிள் போவது மின்வாரியக் கம்பத்தில், ஃபைபர் புதைக்க உள்ளாட்சி எதற்கெல்லாம் கட்டணம் வாங்கலாம் என்பதை மத்திய அரசின் வழித்தட விதிகள் கட்டுப்படுத்துகின்றன. மாநகராட்சி தன் பட்ஜெட்டிலேயே ஒரு தலைப்பு போட்டு ஒதுக்க வேண்டும். செலவு ஒன்றும் பெரிசில்லை, பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது.

யார் கையில் இருக்கும் என்பதுதான் அந்தப் பிரச்சினை. மக்கள் தொடர்பு அலுவலரிடம் கொடுத்தால் அவர் மேயரையும் ஆணையரையும் தாண்டி எதையும் போட முடியாது, அவர் நிலைமை அப்படி. அதனால் மாமன்றப் பதிவு அப்படியே போக வேண்டும், எடிட்டிங்கே கூடாது. எதிர்க்கட்சி உறுப்பினர் பேசும்போது கேமரா மேயர் மேல் இருக்கக் கூடாது, பேசுகிறவர் மேல் இருக்க வேண்டும், மைக்கை அணைத்தால் அணைத்ததும் பதிவாக வேண்டும். ஊர்க்காரர் நிகழ்ச்சிக்கு ஒரு சின்னக் குழு போதும்: ஒரு ஆசிரியர், ஒரு நாடகக் கலைஞர், ஒரு வியாபாரி, கல்லூரி மாணவர் ஒருவர், ஏரியா சபைகளிலிருந்து சிலர். அவர்கள் வேலை நிகழ்ச்சியின் தரத்தை மதிப்பிடுவது இல்லை, யாருக்கு எந்த நேரம் என்று வரிசைப்படுத்துவது மட்டும். அவதூறு, சாதி மத வெறுப்பு, குழந்தைகளின் அடையாளம் இவற்றுக்குக் கேபிள் சட்டத்தின் நிகழ்ச்சி விதிகளும் மற்ற சட்டங்களும் இருக்கின்றன, அவை போதும். தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும்போது கட்சிக்காரர்களுக்கு நேரம் கிடையாது என்றும் முதலிலேயே எழுதிவிட வேண்டும். மதுரையில் கேபிள் தொழில் அரசியலோடு எப்படிப் பின்னிக் கிடந்தது என்பதை அறிந்தவர்களுக்கு நான் இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்பது புரியும்.

யார் பார்ப்பார்கள் என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு அழகர் கதையிலேயே பதில் இருக்கிறது, இன்னொன்றும் சொல்கிறேன். 2024 அக்டோபர் மழையில் செல்லூர், முல்லை நகர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது எல்லாரும் வாட்ஸ்அப்பைத்தான் நோண்டிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர்ப் படம், எந்த வருஷத்துப் படம் என்று தெரியாமல் வந்து கொட்டியது. எந்தக் கண்மாய் நிறைந்திருக்கிறது, எந்தச் சுரங்கப்பாதையில் போகக் கூடாது, ராத்திரி எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கிறார்கள் என்று நம்பகமான ஒரு குரல் சொல்லியிருந்தால் மொத்தச் செல்லூரும் பார்த்திருக்கும். மற்ற நாளில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும், இருக்கட்டும். ஆனையூர் மேன்ஹோலைப் பற்றிய மூன்று நிமிஷத்தை ஆனையூரில் இருநூறு பேர் பார்த்தால் அதற்கு அதுவே முழுக் கூட்டம். சேட்டிலைட் சேனலின் டிஆர்பி கணக்கை இதற்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

உங்களுக்கு நிஜமாகவே ஆர்வம் இருந்தால் ஏரியா சபையிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் வார்டு அலுவலகத்தில் அடுத்த சபை எப்போது, எங்கே என்று கேளுங்கள். போகும்போது ஒரு ஸ்டாண்டும் சட்டையில் குத்தும் மைக்கும் கொண்டு போங்கள், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கவுன்சிலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பதிவு செய்யப் போகிறேன், முழுசாகப் போடுவேன், வெட்ட மாட்டேன் என்று. கடைசி வார்த்தை ரொம்ப முக்கியம், பெரும்பாலும் அவர்களுக்கு இருக்கும் பயம் நாம் வெட்டி ஒட்டிவிடுவோம் என்பதுதான். பேசுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், முகம் வேண்டாம் என்பவர்களைக் காட்டாதீர்கள். அதைப் பதிவேற்றிவிட்டு, எந்த நிமிஷத்தில் எந்தத் தெரு என்று கீழே எழுதுங்கள். அந்தத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மாமன்றப் பதிவுக்கு, மன்றக் கூட்டங்கள் ஒளிப்பதிவு செய்யப்படுகின்றனவா, செய்தால் நகல் கிடைக்குமா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம், கட்டணம் 10 ரூபாய். பதில் வந்ததும் எழுதுங்கள். கேமரா எங்கே வைக்கலாம், மிக்ஸரிலிருந்து லைன் எப்படி எடுப்பது என்பதற்கெல்லாம் நான் நேரிலேயே வந்து உதவுகிறேன்.